தவளை வண்டியில் இரண்டே பேர்

ரைட் அக்கா இருபத்து மூன்று வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். அந்த இருபத்து மூன்று வருடமும் பேருந்தை ஓட்டியது தான்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்புவார், அவ்வளவுதான். அக்கா வாய் திறந்து "ரைட்" என்று சொல்லாமல் எந்த வண்டியும் எந்த நிறுத்தத்தை விட்டும் நகர்ந்ததில்லை. அந்தச் சொல்லே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது.

ஐம்பது வயதை நெருங்கும்போது பேருந்துகளில் டிக்கெட் இயந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். நடத்துநர்களை ஆளுக்கொரு துறைக்குப் பிரித்து அனுப்பினார்கள். அக்காவுக்கு வாய்த்தது குடிநீர் அலுவலகம். ஊருக்கு வெளியே, முட்புதர் மண்டிய குன்றுகளின் அடிவாரத்தில் நாலு அறையும் ஒரு தகரக் கொட்டகையும். குன்றுகளின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது தண்ணீர்த் தொட்டிகள். தினமும் ஒன்பதுக்கும் போய்த் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, அடியிலுள்ள பெட்டியில் மருந்துப் பொடி போட்டு, வால்வைத் திருப்பிவிட்டு வர வேண்டும்.

அதற்காக வாங்கிய வண்டி கொட்டகையில் சும்மா நின்றது. ஜீப் என்று சொல்ல முடியாது, டிராக்டர் என்றும் சொல்ல முடியாது. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சாமான் பெட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, கீழே புடைத்த நாலு டயர். பச்சை நிறம். கல்லிலும் பள்ளத்திலும் குதித்துக் குதித்துப் போவதால் எல்லோரும் தவளை என்றார்கள்.

தவளையை அதற்கு முன் ஓட்டியவர் வால்வுக்காரர். அவர் ஒருநாள் பெட்டி நிறையக் குழாய்களைக் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டு, நேராக ஏற வேண்டிய சரிவில் சோம்பல்பட்டுக் குறுக்கே போனார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்கிற சைக்கிளைத் தாங்குவதுபோல் அவர் ஒரு காலை வெளியே ஊன்றினார். அறுநூறு கிலோ வண்டியை ஒரு கால் தாங்குமா என்று யோசிக்க அப்போது அவருக்கு நேரமில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் படுத்திருந்தபோது நிதானமாக யோசித்தார். திரும்பி வந்தவர், கொட்டகை இருக்கும் திசையில் நாற்காலியைக்கூடத் திருப்பிப் போடவில்லை.

"நீங்க பஸ்ல இருந்தவங்கதானே? வண்டிய நீங்க எடுத்துக்குங்க," என்றார் மேனேஜர்.

தனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு எழவில்லை. "பயிற்சி குடுத்தா எடுத்துக்கிறேன் சார்," என்றார். மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சியாளர் முதல் நாளே எட்டுப் பேரையும் நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்டார். "வண்டி கவுறுது. என்ன செய்வீங்க?"

ஏழு பேர் குதிப்போம் என்றார்கள். அக்கா மட்டும், "பாசஞ்சர் எல்லாரும் இறங்கினதுக்கு அப்புறம் இறங்குவேன்," என்றார்.

"யாருமே இறங்கக் கூடாதும்மா. கையும் காலும் உள்ள இருக்கணும். பெல்ட்டுதான் உங்கள உள்ள வச்சிருக்கும், கூண்டுதான் உங்கள காப்பாத்தும். வெளிய விட்ட கை உங்க கை இல்ல, அது வண்டியோட கை."

அக்காவுக்கு மெய்சிலிர்த்தது. படியில் தொங்காதே, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே என்று இருபத்து மூன்று வருடம் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். அதையே ஒரு பாடமாக, படம் போட்டு, தேர்வு வைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. தான் பிறந்ததே இதற்குத்தான் என்று பட்டது.

அந்த மூன்று வாரமும் அவஸ்தைப்பட்டது அவர் கணவர். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பவரை மாலையானால் எழுப்பி, சோபாவில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு பழைய பெல்ட்டைக் கட்டிவிடுவார் அக்கா. பக்கத்தில் தான் உட்கார்ந்து, ஒரு மூடித் தட்டை ஸ்டீயரிங் மாதிரிப் பிடித்துத் திருப்புவார்.

"இப்ப மேடு. நேரா ஏறணும், குறுக்க போகக் கூடாது. லோ கியர் போட்டாச்சு. என்னங்க, காலை உள்ள வையுங்க."

"தரையிலதானம்மா வச்சிருக்கேன்."

"சோபாவ விட்டு வெளிய வந்தா வெளியதான்."

"எனக்கு நாளைக்கு நாலு சட்டை குடுக்கணும்."

"இறக்கம் முடிஞ்சதும் இறக்கி விடுறேன்."

அவர் பெருமூச்சு விட்டு, இறக்கம் முடியும் வரை மடியிலிருந்த சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

தேர்வில் அக்கா முதலாவதாக வந்தார். வண்டி ஓட்டுவதில் ஆறாவதுதான். ஆனால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதற்கான காரணங்கள் என்ற பகுதியில் நூற்றுக்கு நூறு.

வேலைக்குத் திரும்பிய பிறகு அலுவலகத்தின் காலை நேரமே மாறிப்போனது. எட்டு மணிக்குக் கொட்டகை திறக்கும். எட்டே காலுக்குத்தான் வண்டி வெளியே வரும். நடுவிலுள்ள கால் மணி நேரம் அக்கா வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். நாலு டயரிலும் காற்றை அளப்பார். சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார். கீழே குனிந்து எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று தேடுவார். பிரேக்கை மூன்று முறை மிதிப்பார். புழுதிக் காடு என்பதால் ஏர் ஃபில்டரை வாரம் இரண்டு முறை கழற்றித் தட்டுவார். ஒருமுறை ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. குட்டிகள் கண் திறக்கும் வரை பத்து நாள் தவளை நகரவில்லை. அந்தப் பத்து நாளும் தொட்டிகளுக்கு நடந்தே போன வால்வுக்காரர், எலிகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எல்லாம் சரியென்று பட்டதும் அக்கா ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, ஹெல்மெட் மாட்டி, தனக்குத் தானே "ரைட்" என்று சொல்லிக்கொள்வார். சொன்ன பிறகுதான் கால் அழுத்தும். சொல்லாமல் எடுக்க ஒருமுறை முயன்று பார்த்தார். கால் கேட்கவில்லை.

மேனேஜருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் தொட்டி வேலைக்குத் தற்காலிகமாக வந்திருந்த ஆள் உட்கார்ந்திருந்ததால், மேனேஜர் பின்னால் ஏறப் போனார்.

"நான் பெட்டியில உக்காந்துக்கிறேன். நீங்க எடுங்க."

"அது சாமான் பெட்டி சார்."

"தெரியும்மா. அஞ்சு நிமிஷம்தானே."

"சாமான்னா கயிறு போட்டுக் கட்டணும் சார். கட்டட்டுமா?"

கையில் கயிறுடன் அக்கா உண்மையாகவே காத்து நின்றதுதான் மேனேஜரை அதிகம் புண்படுத்தியது. அன்று அவர் நடந்து போனார். அதற்குப் பிறகு அக்காவிடம் காகிதத்தில் மட்டுமே பேசினார்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. ஒரு வியாழக்கிழமை, தலைமைப் பொறியாளர் ஆய்வுக்கு வந்தார்.

இதற்கு முன்பு வந்த தலைமைப் பொறியாளர்கள் எல்லோரும் அலுவலகத்தில் தேநீர் குடித்து, ஜன்னல் வழியாகக் குன்றுகளைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள். இவர் புதியவர். "ஏழாம் நம்பர் தொட்டியைப் பாக்கணும்," என்றார்.

"ஏழுக்கு வண்டி போகாது சார். ஒண்ணாம் நம்பரப் பாக்கலாம், பக்கத்துலயே இருக்கு," என்றார் மேனேஜர் அவசரமாக.

"போகும் சார். தினமும் போறேன்," என்றார் வாசலில் நின்ற அக்கா.

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு டயர் காற்று இறங்கியிருக்கும்.

கொட்டகைக்கு வந்தார்கள். தலைமைப் பொறியாளர் அமைதியாக ஏறி உட்கார்ந்தார், பெல்ட்டும் போட்டார். அக்காவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இரண்டாவது ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. தலைமைப் பொறியாளருக்குத் தலை பெரியது. பதவியைச் சொல்லவில்லை, உண்மையாகவே பெரியது. ஹெல்மெட் அவர் உச்சியில் ஏறி, ஒரு கிண்ணம்போல் உட்கார்ந்து, அதற்குமேல் இறங்க மறுத்தது. மேனேஜர் மேலிருந்து அழுத்திப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"பரவால்லம்மா, இல்லாமலே போலாம். மெதுவா ஓட்டுங்க," என்றார்.

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். மேனேஜரிடம் முறைத்துக்கொள்வது வேறு. இவர் நினைத்தால் நாளைக்கே தன்னை எங்காவது கண்காணாத இடத்துக்கு மாற்றிவிடலாம். வேண்டாம், ஒரு தடவைதானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. "ரைட்" என்று சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. கால் அசையவில்லை.

"ஹெல்மெட் இல்லாம எடுக்க மாட்டேன் சார்," என்றார்.

மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. இத்தோடு ஆய்வும் முடிந்தது, அக்காவும் முடிந்தார்.

"அப்ப நடந்துதான் போகணுமா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"ரெண்டரை கிலோமீட்டர் சார். பைய வண்டியில வையுங்க, நான் கொண்டு வரேன்."

அவர் சற்று யோசித்துவிட்டு இறங்கினார். கோப்புகள் நிறைந்த பையை இருக்கையில் வைத்தார். பை கனமாக இருந்ததால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கீச் கீச்சென்று கத்தியது. அக்கா பைக்கு பெல்ட் போட்டுவிட்டார்.

அப்படித்தான் அந்த ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தவளை, நடை வேகத்தில். அதில் அக்காவும், பெல்ட் போட்ட பையும். பின்னால் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி தலைமைப் பொறியாளர். அவருக்கும் பின்னால் மேனேஜர். இதில் கொடுமை என்னவென்றால், மேனேஜர் தலைக்கு அந்த ஹெல்மெட் அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். அவர் தாராளமாக வண்டியில் போயிருக்கலாம். மேலதிகாரி நடக்கும்போது தான் எப்படி உட்காருவது? வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பையைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். "பின்னாடி கொஞ்சம் தள்ளி வாங்க சார், கல்லு தெறிக்கும்," என்று எச்சரித்தார்.

ஒன்றே கால் மணி நேரத்தில் ஏழாம் தொட்டி வந்தது. தலைமைப் பொறியாளர் மூச்சு வாங்கியபடி தொட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பிறகு இன்னொரு சுற்று. பிறகு பையைத் திறந்து ஒரு பதிவேட்டை எடுத்தார்.

"போன வருஷம் ஏழாம் தொட்டி ஏணிக்கு பெயின்ட் அடிச்சதா எழுதியிருக்கு."

"ஆமா சார்," என்றார் மேனேஜர் மெல்லிய குரலில்.

"அதுக்கு முந்தின வருஷமும் அடிச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஏணி எங்க?"

மேனேஜர் தொட்டியைப் பார்த்தார். தொட்டியின் சுவர் வழவழவென்று இருந்தது. ஏணி இருந்ததற்கான ஓர் ஆணித் துளைகூட இல்லை. காற்று வீசியது.

"பெயின்ட் நல்லா காயட்டும்னு கழட்டி வச்சிருக்கோம் சார்," என்றார்.

தலைமைப் பொறியாளர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க தினமும் வர்றீங்களே, ஏணி இல்லன்னு யார்கிட்டயும் சொல்லலியா?"

"தினமும் எழுதுறேன் சார். படிவத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல."

பையிலிருந்த கோப்பில் நானூறு சொச்சம் படிவங்களில் 'ஏணி இல்லை' என்று இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் மேனேஜர் 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டிருந்தார்.

அதற்குமேல் பேச்சு வளராமல் போனதற்குக் காரணம் தலைமைப் பொறியாளரின் ஷூ. அது புதியது. உட்கார்ந்து கழற்றியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இனி ஓர் அடிகூட நடக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அவர் வண்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்காததற்காகவே அக்காவுக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது.

அக்கா கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, கடைத்தெருவுக்குப் போயி பெரிய ஹெல்மெட் ஒண்ணு வாங்கிட்டு ஆபீசுக்கு வாங்க."

"எவ்வளவு பெரிசு?"

"ரொம்பப் பெரிசு."

"ரொம்பங்குறது ஒரு அளவா? சுத்தளவு சொல்லு."

சொல்ல டேப் இல்லை. அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு, கழற்றிக் கிடந்த ஷூவின் கயிற்றை உருவி, அனுமதி கேட்டு, தலைமைப் பொறியாளரின் நெற்றியைச் சுற்றிப் பிடித்தார். தொட்டிச் சுவரில் தண்ணீர் மட்டம் பார்க்க சென்டிமீட்டர் கோடு போட்ட பலகை இருந்தது. கயிற்றை அதில் வைத்து அளந்தார்.

"அறுபத்து நாலு சென்டிமீட்டர்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. "இடுப்பா, தலையா?"

"சார் பக்கத்துல இருக்காரு. தலைதான்."

"இவ்வளவு பெரிசு கிடைக்குமான்னு தெரியலியே. நீ ஒண்ணு பண்ணு. இருக்குற ஹெல்மெட்டுல உள் பஞ்சைப் பிரிச்சு விட்டுரு. ரெண்டு இஞ்ச் கிடைக்கும்."

"இது பேன்ட்டுங்களா, பிரிச்சு விடுறதுக்கு? அந்தப் பஞ்சுதான் தலைய காப்பாத்துறது. போயி வாங்கிட்டு வாங்க."

அக்கா தனியாகக் கீழே இறங்கினார். தையல்காரர் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில், காட்சிக்காக வாசலில் தொங்கவிட்டிருந்த ஒன்றை இறக்கித் தரச் சொல்லி வாங்கி வந்திருந்தார். சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் நெருப்புப் படம். அக்கா உள்ளே கைவிட்டுப் பஞ்சையும் வாரையும் சோதித்தார். தரச் சான்று முத்திரையைத் தேடிப் பார்த்துக்கொண்டார். சரியாக இருந்தது. மறுபடி மேலே ஏறினார்.

இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் தலைமைப் பொறியாளரும் மேனேஜரும் ஏழாம் தொட்டியின் நிழலில், மொத்தப் பதிவேடுகளோடும், வேறு எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது தெரியாது. அக்கா போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எட்டாம் தொட்டி வேலி, ஒன்பதாம் தொட்டி விளக்கு என்று பதிவேட்டுப் பக்கங்களில் வரிசையாகச் சிவப்பு வட்டங்கள் இருந்தன.

நெருப்புப் படம் போட்ட ஹெல்மெட் தலைமைப் பொறியாளருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"மேனேஜர் சார், உங்களுக்கு அடுத்த டிரிப்," என்றார் அக்கா.

"வேண்டாம்மா. நான் நடந்தே வரேன்," என்றார் மேனேஜர். கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும்போல் இருந்திருக்கும்.

ஏழாம் தொட்டியிலிருந்து இறங்கும் முதல் சரிவு, மேலிருந்து பார்த்தால் பாதையே இல்லாததுபோல் தெரியும். தலைமைப் பொறியாளர் கூண்டுக் கம்பியை வெளிப்பக்கமாகப் பிடித்தார்.

"கை உள்ள சார்."

கை உள்ளே வந்தது. அக்கா "ரைட்" என்றார். வண்டி லோ கியரில், எஞ்சினே பிடித்துப் பிடித்து விட, நேராகக் கீழே இறங்கியது. தலைமைப் பொறியாளர் தன் பக்கம் இல்லாத பிரேக்கை வெறுங்காலால் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். பாதிச் சரிவில் கண்ணை மூடினார். சமதளம் வந்த பிறகும் திறக்கவில்லை.

"இறங்கிட்டோம் சார்."

"தெரியும். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேனே."

அலுவலக வாசலில் அவர் ஹெல்மெட்டோடு இறங்கியதைப் பார்த்து வால்வுக்காரர் யாரோ பந்தய வீரர் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார்.

மேனேஜர் அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். ஏணி ஒன்று செய்து ஏழாம் தொட்டியில் பொருத்தினார்கள். பெயின்ட்டும் அடித்தார்கள். மற்ற ஊர்களின் குடிநீர் அலுவலகங்களிலும் இதே வண்டிகள் ஆறு இருந்தன. அங்குள்ளவர்களுக்கு அக்காதான் பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்கா மாதத்துக்கு ஒரு வாரம் போய் நடத்தினார்.

அவர் போய்விட்டு வந்த ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் ஒரு புகார் வந்தது. ஒன்றில், அதிகாரியைக் கயிறு போட்டுக் கட்டப் பார்த்தார் என்று இருந்தது. இன்னொன்றில், ஒரு டயரில் காற்றுக் குறைகிறது என்று மொத்த அலுவலகத்தையும் வெயிலில் நிற்க வைத்தார் என்று இருந்தது. தலைமைப் பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டுத் தன் உதவியாளரிடம் கேட்டார்.

"இந்த ஆறு ஊர்லயும் வண்டியால யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல சார். இந்த வருஷம் ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இதையெல்லாம் கோப்புல வையுங்க. பாராட்டுக் கடிதம்னு ஒரு கோப்பு இருக்கும் பாருங்க, அதுல."